மே மாதம் என்று நான் படித்த காகிதம்

அன்புள்ள முனிராசுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சந்தைக்கு ஓட்டிப்போகும் கன்றுகளைப் போல ஒன்று முன்னால் ஓடுகிறது, ஒன்று நடுவழியில் படுத்துக்கொள்கிறது. 'ழ' எழுதும் இடத்தில் இரண்டு மூன்று முறை தாள் கிழிந்திருக்கும். அது எலி கடித்தது இல்லை, என் பேனா. இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் தபால்காரர் எழுதினார், நான் சொன்னேன். அவர் அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார். இதில் எதுவும் விட்டுப்போகாது. மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி.

உனக்கே தெரியும், அறுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சர் எங்கள் பன்னிரண்டு பேருக்குச் சொல்லித்தருகிறார். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பேசுகிற மாதிரி எழுதக் கூடாது, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார். அதனால்தான் உன் அப்பன் இப்படி வாத்தியார் மாதிரி எழுதுகிறான். எழுத்து பிடிபட்ட நாளிலிருந்து எனக்குக் கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. போன வாரம் பஸ்ஸில் ஏறும்போது போர்டைச் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர், "பெரியவரே, போர்ட படிச்சிட்டீங்க, சந்தோசம். எறங்கற எடத்தயும் சொல்லிட்டீங்கன்னா டிக்கெட்ட நான் கிழிச்சிடுவேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் அம்மாவோ, "அந்தத் தீப்பெட்டிய படிச்சி முடிச்சிட்டு குடுங்க, அடுப்பு பத்த வெக்கணும்" என்கிறாள். இத்தனை வருடம் இந்த எழுத்தெல்லாம் என்னைச் சுற்றியேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கண் இல்லாமல் போனது என்று நினைக்கும்போது ஒரு பக்கம் அழுகையும் ஒரு பக்கம் குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். இரண்டு நாள் ஆனது. கோயமுத்தூரில் வேலை கிடைத்துவிட்டது என்ற வரிக்கு வந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி படித்துக் காட்டினேன். அடுத்த வரியில்தான் என்ன வேலை என்று எழுதியிருந்தாய். ஊட்டியில் கட்டியிருக்கும் வீடுகளில் வருடத்துக்கு ஒரு வாரம் என்று ஆட்களுக்கு விற்கிற கம்பெனி. "உங்க லைன்தான் அப்பா, உங்களப் பாத்துத்தான் எனக்கு தைரியம் வந்திச்சி" என்று எழுதியிருந்தாய். ஒரு மாதப் பயிற்சி முடிந்ததும் உன்னைத் தர்மபுரிப் பக்கம்தான் அனுப்பப் போகிறார்கள், அதனால் நான் முன்பு ஏற்காட்டு வீடுகளை வாரக் கணக்கில் யாருக்கெல்லாம் விற்றேனோ அவர்களின் பெயர்களைச் சொல்லி அனுப்ப வேண்டும், என் முகத்துக்காக அவர்கள் உன்னிடம் வாங்குவார்கள் என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெயர்களை நான் தரப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் அந்த வேலைக்குப் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். மாட்டுத் தரகனாக இருந்தவனை, நல்லம்பள்ளிச் சந்தையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மேனேஜர் வந்து கூட்டிப்போனார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அது உண்மைதான். துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து நான் விலை பேசுவதை அவர் அரை நாள் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு, "இந்த வாய வெச்சிக்கினு மாடு மட்டும் வித்தா எப்பிடிங்க?" என்றார். ஒரு கறுப்புப் பையும், ஏற்காட்டு வீடுகளின் படம் ஒட்டிய ஆல்பமும் கொடுத்தார். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். நீ எட்டாவது படிக்கும்போது, அப்பன் கைநாட்டு வைப்பது உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சிலேட்டில் வரைந்து வரைந்து சொல்லிக்கொடுத்தாயே, அந்தக் கையெழுத்து. எனக்கு அது ஒரு படம். கோலம் போடுகிற மாதிரி கை பழகிவிட்டது. அதைப் பார்த்த மேனேஜர் எனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். "எனக்கு எழுத்து தெரியாதுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டார். மாட்டுச் சந்தையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். எல்லாம் அங்கே தொடங்கியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்குப் பயிற்சியில் ஒரு மாதிரி சொல்லுவார்கள், நான் பார்த்த மாதிரி சொல்லுகிறேன். ஒரே அறையை ஐம்பத்திரண்டு குடும்பத்துக்கு விற்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் அது தன்னுடைய வீடு என்று நினைக்க வேண்டும். தர்மபுரியில் ஒரு லாட்ஜின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுவோம். டீ, மிக்சர், வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்க் பரிசு. ஆனால் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால்தான் பிளாஸ்க். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒருத்தர் மட்டும் வந்தால் 'வூட்டுல கேட்டுட்டு வரேன்' என்று எழுந்து போய்விடுவாராம். "வூட்டுக்குப் போனா யோசிப்பாங்க, யோசிச்சா வாங்க மாட்டாங்க" என்பார் மேனேஜர். யாராவது கையெழுத்துப் போட்டதும் ஒருவன் மணி அடிப்பான், நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். மற்றவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த முகங்களை எனக்குத் தெரியும். பக்கத்துக்காரன் மாடு வாங்கிவிட்டான் என்றதும் சந்தையில் வருகிற அதே முகம்.

பொம்மிடியிலிருந்து வந்த ஒரு புளி வியாபாரி மட்டும் கடைசி வரை மசியவில்லை. "ஒரு வாரந்தான் என்னுதுன்னா, மிச்சம் அம்பத்தோரு வாரம் என் கட்டில்ல எவன் படுத்திருப்பான்?" என்று கேட்டார். அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டு பேரும் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்றைக்கு நினைத்தால், அந்த மாடியில் இருந்ததிலேயே அறிவாளி அவர்தான்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது மே மாதம். வெயிலில் காய்கிற ஊர்க்காரர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஒரு மே மாதத்தில் எத்தனை வாரம் இருக்கிறது என்று எனக்கும் கணக்குத் தெரியும். மேனேஜர் அதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். "கெடைக்கும்னு சொல்லாதீங்க சார், அது பொய்யாயிடும். கெடைக்காமயா போவும்னு கேளுங்க. கேள்விக்கு யாரும் உங்கள புடிக்க முடியாது." நான் அப்படியே கேட்டேன். நூறு பேரிடம் கேட்டிருப்பேன். மாட்டு வியாபாரத்தில் எனக்கு ஒரு நியாயம் இருந்தது. பல்லைப் பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பாடு, தரகன் வாயை நம்புவது அவன் தலையெழுத்து. ஆனால் அங்கே மாடு எதிரில் நிற்கும், அவன் வாயைத் திறந்து பார்க்கலாம். இங்கே சரக்கு மலை மேல் இருந்தது. கையில் இருந்தது காகிதம் மட்டும். காகிதத்துக்குப் பல் எழுத்துதான். அதைப் பார்க்க வாங்குகிறவனுக்கும் தெரியவில்லை, விற்கிற எனக்கும் தெரியவில்லை.

இப்போது அமீர் பாய் விஷயத்துக்கு வருகிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் கழித்து எடுத்திருக்கிறேன், மை நிறம் மாறியிருப்பதைப் பார்த்தால் தெரியும். மொரப்பூரில் மெத்தை தைக்கிற அமீர் பாயை உனக்கு நினைவிருக்கும். அவரும் அவர் சம்சாரம் ஜுபேதா அம்மாவும் பஞ்சு அடித்து, திணித்து, தைத்து, அதிலேயே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்கள். அந்தப் பஞ்சுத் தூசி ஜுபேதா அம்மாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. வெயில் காலம் வந்தால் மூச்சு இழுக்கும். கோடையில் கொஞ்ச நாளாவது மலைப் பக்கம் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே பாய் கூட்டத்துக்கு வந்தார். பிளாஸ்குக்கு வந்தவர் இல்லை.

அவர் ஒத்துக்கொண்டதும் கிளார்க் ஒரு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொண்டுவந்தான். பாய்க்கும் சரி, ஜுபேதா அம்மாவுக்கும் சரி, தமிழ் எழுத்து தெரியாது. கையெழுத்துப் போடும் நேரத்தில் ஜுபேதா அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. "அண்ணே, மே மாசம்னு அதுல எழுதியிருக்குதான்னு நீங்க ஒரு வாட்டி படிச்சி சொல்லிடுங்க. இவரு தலையாட்டிக்கினே இருப்பாரு, நான்தான் கேக்கணும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணி அடிக்கிறவன் மணியைக் கையில் எடுத்துவிட்டான். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல அது ஒன்றுதான் நேரம். நான் காகிதத்தை வாங்கினேன். விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, படிக்கிறவர்கள் இழுப்பது போல இழுத்து, "மே மாதம், இரண்டாவது வாரம்" என்று படித்தேன். இருமலில் எதுவும் காதில் விழாத அந்த அம்மா, பாய் தலையாட்டியதைப் பார்த்துத்தான் அவர் கையை விட்டது. மணி அடித்தது.

அடுத்த மே மாதம் அவர்கள் புதுப் போர்வை வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் காகிதத்தில் நவம்பர் மூன்றாவது வாரம் என்று இருக்கிறது, மழையும் பனியுமாக இருக்கும், அப்போது வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பகல் முழுவதும் ஏரிக்கரையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்து பாய் நம் வீட்டுக்கு வந்தார். நீ சேலத்துக் காலேஜ் ஹாஸ்டலுக்குப் புறப்பட இருந்த சமயம். அவர் தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டேன். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். தலையில் சுருட்டிய மெத்தை ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார்.

"தரகரே, மன்னிச்சிக்குங்க" என்றார். "அந்த வாசல்ல நின்னுக்கினு உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பொறவு வூட்டுக்காரிதான் சொன்னா. அந்த மனுசன் வெரல வெச்சி படிச்சாரு, நீங்கதான் நவம்பர மேன்னு காதுல வாங்கிட்டீங்கன்னு. எம் புத்தி அப்பிடிங்க, பஞ்சு மாதிரி. தப்பு பண்ணாத மனுசன பேசினா பாவம் ஒட்டிக்கும், அதான் தம்பிக்கு ஒரு மெத்த தெச்சேன்." பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார். "நீங்க நவம்பர்னுதானே படிச்சீங்க?"

நான், "ஆமாங்க பாய், நவம்பர்னுதான் படிச்சேன்" என்றேன்.

முனிராசு, முதல் பொய்க்கு நான் சாக்குச் சொல்லலாம். சபையில் கூச்சம், மணி, மேனேஜர். இரண்டாவது பொய் நம் வீட்டு வாசலில் சொன்னது. பக்கத்தில் யாரும் இல்லை. எதிரில் இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு எந்தச் சாக்கும் இல்லை. அந்த மெத்தையில்தான் நீ மூன்று வருடம் படுத்தாய். கோயமுத்தூருக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகாவது வேலையை விட்டேனா என்றால் இல்லை. எட்டு மாதம் அதே மாடியில் கை தட்டிக்கொண்டுதான் இருந்தேன். முட்டி வலி, படி ஏற முடியவில்லை என்று உங்களிடம் சொல்லிக் கடைசியில் வேலையை விட்டேனே, அதுவும் பொய். ஒரு நாள் மொரப்பூர் ஸ்டேஷனில் ஜுபேதா அம்மாவைப் பார்த்தேன். கூட இருந்த சொந்தக்காரப் பெண்ணிடம், "இந்த அண்ணன் வெரல வெச்சி வரி வரியா படிச்சாரு. எங்க வூட்டுக்காரருக்குத்தான் மேக்கும் நவம்பருக்கும் வித்தியாசம் தெரியல. நோம்புக்கு இவரு நாள் சொன்னாகூட நான் ரெண்டு பேருகிட்ட கேட்டுக்குவேன்" என்று சொல்லிச் சிரித்தது. பக்கத்தில் நின்ற பாயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஒரு மனிதன் தன் வீட்டில் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காதவன் என்று பெயர் எடுத்துவிட்டான், எனக்காக. அந்த வாரக் கடைசியில்தான் பையைக் கொண்டுவந்து பரண் மேல் போட்டேன். அவர்கள் அந்த மலை வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பனியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியும் தர்மபுரி ஆபீசை மூடிக்கொண்டு போய்விட்டது.

எழுத்து வந்த பிறகு வீட்டில் படிக்க ஒன்றும் மிச்சமில்லாததால், போன மாதம் அந்தப் பையை இறக்கினேன். என் பங்குக்கு வைத்துக்கொள்ளும் நகல்கள் அதில் இருந்தன. முதலில் 'அமீர்' என்ற பெயரைக் கண்டுபிடித்தேன். பிறகு விரலை வைத்துக் கீழே இறங்கினேன். அன்றைக்கு நகர்த்திய மாதிரியேதான், ஆனால் இந்தத் தடவை விரலுக்குக் கீழே எழுத்து இருந்தது. 'ஒதுக்கப்பட்ட வாரம்: நவம்பர் மூன்றாவது.' கிளார்க் நல்ல நீல மையில் எழுதியிருக்கிறான். நான் 'மே' என்று சொன்னபோது என் விரல் அநேகமாக இந்தச் சொல்லின் மேல்தான் இருந்திருக்கும். முழுக் காகிதத்தையும் படிக்க ஒன்பது நாள் ஆனது. வாரத்தைக் கம்பெனிதான் முடிவு செய்யும், வாயால் சொன்ன எதற்கும் கம்பெனி பொறுப்பில்லை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். கடைசி வரி என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது. 'மேற்கண்ட நிபந்தனைகளை உறுப்பினருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன்.' அதற்குக் கீழே நீ சொல்லிக்கொடுத்த படம். ஒன்றில் இல்லை, பையில் இருந்த ஒவ்வொரு காகிதத்திலும். நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது வெறும் வழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உன்னை வேலையை விடச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ சம்பாதிக்க வேண்டியவன், உன் கம்பெனி வேறு, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் செய். உனக்கு என்னைப் போல இல்லை, கண் இருக்கிறது. முதலில் அவர்கள் காகிதத்தைத் தனியாக உட்கார்ந்து முழுவதும் படி. பிறகு உன்னிடம் வருகிறவர்களுக்கு, மணி அடிக்கும் முன்னால், அதை அப்படியே வாய்விட்டுப் படித்துக் காட்டு. வூட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றால் அனுப்பு. அதற்குப் பிறகும் வந்து வாங்குகிறவர்கள் இருந்தால் அது நல்ல வேலை, செய். ஒருத்தரும் வாங்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் மட்டும் கேட்காதே. அந்தப் பெயர்கள் எனக்கு வேறு வேலைக்கு வேண்டும்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை மொரப்பூருக்குப் போகிறேன். காகிதத்தை எடுத்துக்கொண்டுதான். பாயிடம் தனியாகச் சொன்னால் போதாது, அவர் என்னை மன்னித்து அனுப்பிவிடுவார். ஜுபேதா அம்மா உட்கார்ந்திருக்கும்போது, விரலை வைத்து, நவம்பர் என்று படித்துக் காட்டி, அன்றைக்கு நான் படித்தது இது இல்லை, பாய் காதில் வாங்கியதுதான் சரி என்று சொல்ல வேண்டும். போன பணத்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை. அவர் சரியாகத்தான் கேட்டார் என்பதையாவது திருப்பிக் கொடுக்கலாம். ஸ்டெல்லா டீச்சர் முன்னால் இரண்டு தடவை தடங்கல் இல்லாமல் படித்துப் பார்த்துவிட்டேன். எதற்கு இந்தக் காகிதம் என்று அவர் கேட்கவில்லை. 'ஒதுக்கப்பட்ட' என்ற சொல்லை மட்டும் திருத்தினார்.

இந்தக் கடிதத்தை நேற்று உன் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், முட்டி வலியையும் சேர்த்து. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த மெத்தய வேற வாங்கிக்கினீங்களே" என்றாள். போகும்போது பழம் ஏதாவது வாங்கிப் போகட்டுமா என்று கேட்டேன். "வெறுங்கையோட போங்க. நீங்க எதனா குடுத்தா அதுக்கும் பதிலா அவங்க எதனா குடுத்தனுப்பிடுவாங்க" என்றாள்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். பாயும் அந்த அம்மாவும் என்ன சொன்னார்களோ, அதை ஒரு சொல்லும் மாற்றாமல், அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். கீழே இருப்பது நீ வரைந்து கொடுத்த கையெழுத்து இல்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி நானே எழுதியது.

அப்பா